பழைய பிக்கப் வண்டியில் தகடுகள் பொருந்தாதபோது: அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடும் வழிமுறை

துருவை அகற்றி, ஓட்டைகளை அடைத்து, ஒவ்வொரு தகட்டையும் தனித்தனியாகச் சீராக்கிய பிறகு, எல்லாவற்றையும் ஒன்றாகப் பூட்டிப் பார்க்கும் நாளில்தான் பழைய பிக்கப் வண்டி தன் உண்மை நிலையைக் காட்டும். கதவு ஓரிடத்தில் உரசும், பானட்டின் ஒரு மூலை தூக்கி நிற்கும், மட்கார்டின் துளை அரை அங்குலம் தள்ளி நிற்கும். அப்போது கண்ணில் படும் இடத்திலேயே போல்ட்டைத் தளர்த்தி இழுத்துச் சரிசெய்யத் தோன்றுவது இயல்புதான். ஆனால் கோளாறு தெரியும் இடமும் கோளாறு இருக்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. பானட்டில் தெரியும் கோணல் கேபினுக்கு அடியில் நசுங்கிப்போன ஒரு ரப்பரிலிருந்து தொடங்கியிருக்கக்கூடும். ஆகவே ஒவ்வோர் அறிகுறியையும் பார்க்கும்போது, அதற்கு அடுத்துள்ள இடைவெளியையும் சேர்த்துப் பார்த்து, எந்தத் தகடு நகர்ந்தது, எது நகராமல் நிற்கிறது என்று பிரித்தறிவதே இந்த வேலையின் பாதி.

சட்டகத்தின் மேல் கேபினும் பின்தொட்டியும் தனித்தனியாக உட்காரும் வண்டிகளுக்காகவே இந்தக் குறிப்புகள் எழுதப்பட்டுள்ளன. அத்தகைய வண்டியில் வரிசை மாறக்கூடாது. முதலில் சட்டகம், அதன்மேல் கேபின், கேபினின் பின் தூணையும் கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் பெட்டியையும் அளவாகக் கொண்டு கதவு, கதவை அளவாகக் கொண்டு மட்கார்டு, மட்கார்டையும் கண்ணாடிக்குக் கீழுள்ள கௌல் தகட்டையும் அளவாகக் கொண்டு பானட், அதன் பிறகே கிரில்லும் பம்பரும். பின்தொட்டி கேபினைப் பார்த்து உட்காரும். முன்பக்கத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வந்தால், சேர்ந்துகொண்டே வந்த பிழை முழுவதும் கடைசியில் கதவின் பின்விளிம்பில் வந்து நிற்கும்; அந்த விளிம்பு நிற்க வேண்டிய பின் தூணோ கேபினோடு வெல்டிங் செய்யப்பட்டது, நகராதது.

எவ்வளவு இடைவெளி வேண்டும் என்ற கேள்விக்கு, ஒன்றரை நூல், அதாவது ஏறக்குறைய 5 மி.மீ. என்பது நல்ல இலக்கு. பழைய பிக்கப்புகள் சுமை தூக்கச் செய்யப்பட்டவை. ஆலையிலிருந்து வந்தபோதே சில இடங்களில் 6, 7 மி.மீ. இருந்திருக்கும். அதைவிட முக்கியமானது, இடைவெளி தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே அளவாக ஓடுவது. 6 மி.மீ. சீராக ஓடினால் கண் அதைக் கடந்து போய்விடும்; 4 மி.மீ.யில் தொடங்கி 6 மி.மீ.யில் முடிந்தால் தெருவின் அந்தப் பக்கத்திலிருந்தே தெரியும். அளப்பதற்குத் தனிக் கருவி தேவையில்லை. 4, 5, 6 மி.மீ. டிரில் பிட்டுகளின் வழவழப்பான அடிப்பகுதியை விளிம்புகளுக்கிடையே நுழைத்துப் பார்த்தாலே போதும்.

வேறு எதையும் தொடுவதற்கு முன்

வண்டி தன் சக்கரங்களின் மேல், அல்லது அச்சுகளுக்கு அடியில் வைத்த ஸ்டாண்டுகளின் மேல், சமதளத்தில் நிற்க வேண்டும். சட்டகத்தின் நடுவில் ஜாக்கி கொடுத்து நிறுத்திய வண்டியில் கதவைப் பொருத்தினால், ஜாக்கியை இறக்கியதும் சட்டகம் தளர்ந்து இடைவெளி மாறிவிடும். எஞ்சினும் கியர்பாக்ஸும் உள்ளே இருப்பது நல்லது. இல்லையென்றால் அவற்றின் எடைக்கு ஈடான பாரத்தை அதே இடத்தில் ஏற்றி வைக்கலாம்.

அடுத்து, சட்டகத்தின் இரு குறுக்களவுகளை எடுக்க வேண்டும். இடப்பக்க முன் துளையிலிருந்து வலப்பக்கப் பின் துளைக்கும், வலப்பக்க முன் துளையிலிருந்து இடப்பக்கப் பின் துளைக்கும் தூக்குக்குண்டு வைத்துத் தரையில் புள்ளியிட்டு அளந்தால், இரண்டுக்கும் வேறுபாடு 3 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் சட்டகம் சாய்சதுரமாக இழுபட்டிருக்கிறது என்று பொருள். அதை நேராக்காமல் மேலே எதைச் செய்தாலும் வீண்.

கேபினைச் சட்டகத்தின் மேல் தாங்கும் மவுண்ட் ரப்பர்கள் புதியவையாக இருக்க வேண்டும். நாற்பது ஐம்பது ஆண்டுகள் எண்ணெயும் வெயிலும் பட்ட ரப்பர் நான்கு மூலைகளிலும் ஒரே அளவாக நசுங்கியிருக்க வாய்ப்பில்லை. பழைய ரப்பருக்கடியில் ஷிம் தகடுகள், அதாவது உயரத்தை ஈடுகட்டச் செருகும் மெல்லிய தகடுகள், இருந்தால், எந்த மூலையில் எத்தனை என்று கழற்றும்போதே குறித்துவைக்க வேண்டும். ஆலையில் அவற்றை வைத்தவர் காரணமின்றி வைக்கவில்லை.

அறிகுறி: மூடுவதற்குக் கதவைத் தூக்க வேண்டியிருக்கிறது

மிகவும் பொதுவான முறையீடு இது. கதவின் பின்முனை தாழ்ந்திருக்கிறது. அப்போது மூன்று விளிம்புகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் சாட்சியைச் சொல்லும்: முன்விளிம்பில், மட்கார்டை ஒட்டிய இடைவெளி மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும், பின்விளிம்பில் இதற்கு நேர்மாறாக மேலே குறுகிக் கீழே அகன்றிருக்கும், பின் கீழ்மூலை ராக்கரைத் தொடும். இந்த மூன்றில் ஏதேனும் ஒன்று ஒத்துவராவிட்டாலும் கதவு தொங்கவில்லை. காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

கதவு தொங்குகிறது என்று உறுதியானபின் போல்ட்டில் கை வைக்கக்கூடாது. முதலில் கதவைப் பாதியளவு திறந்து, பின்முனையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்து, அசைவு எங்கே என்று மற்றொருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். கீலின் இரு இலைகளுக்கிடையே அசைவு தெரிந்தால் கீல் ஆணியும் புஷ்ஷும் தேய்ந்துவிட்டன. அவற்றை மாற்றாமல் கீலை நகர்த்தி ஈடுகட்டினால், அடுத்த மழைக்காலத்துக்குள் கதவு மறுபடி தொங்கும். கீல் முழுவதுமே தூணோடு சேர்ந்து அசைந்தால், தூணின் தகடு விரிசல் விட்டிருக்கிறது, அல்லது தூணுக்குள் போல்ட்டைப் பிடித்திருக்கும் நகரும் நட்டுத்தகட்டின் கூடு பிய்ந்திருக்கிறது. இது வெல்டிங் வேலை. கதவுப் பக்கத்தில் கீலைச் சுற்றியுள்ள தகடு மட்டும் உள்ளே வெளியே மூச்சுவிடுவதுபோல் அசைந்தால், கதவுக்குள் ஒரு வலுவூட்டும் தகடு விட்டுப்போயிருக்கிறது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கதவு தொங்கினால்தான் கீலை நகர்த்தும் முறை வருகிறது. பூட்டு வந்து மாட்டும் ஸ்ட்ரைக்கரை முதலில் கழற்றி எடுத்துவிட வேண்டும். அது இருக்கும்வரை கதவை அது தூக்கிப் பிடித்து உண்மையை மறைத்துக்கொண்டே இருக்கும். ஸ்ட்ரைக்கரின் வேலை கதவைப் பூட்டிப் பிடிப்பது மட்டுமே; தாங்குவது அன்று. ஸ்ட்ரைக்கரை மேலே ஏற்றிக் கதவை 'சரிசெய்த' வண்டிகளைப் பார்த்தால், பூட்டின் நாக்கு ஒருபக்கமாகத் தேய்ந்து பளபளப்பதைக் காணலாம்.

பிறகு சிறிய கணக்கு ஒன்று. கீல்கள் இரண்டுக்கும் இடையே 400 மி.மீ. தூரமும், கீலிலிருந்து கதவின் பின்முனைவரை 1000 மி.மீ. நீளமும் இருப்பதாகக் கொள்வோம். கீழ்க்கீலை 1 மி.மீ. பின்னால் தள்ளினால் பின்முனை 2.5 மி.மீ. உயரும். மேற்கீலை 1 மி.மீ. முன்னால் இழுத்தாலும் அதே உயர்வுதான். இரண்டில் எதைச் செய்வது என்பதைப் பின்விளிம்பு தீர்மானிக்கிறது: கதவு பின் தூணை நெருக்கிக்கொண்டு நின்றால் மேற்கீலை முன்னால் இழுக்க வேண்டும்; பின்னால் இடம் மிச்சமிருந்தால் கீழ்க்கீலைப் பின்னால் தள்ள வேண்டும். கீல் தூணின் பின்னோக்கிய முகத்தில் பூட்டப்பட்டிருந்தால் கீலுக்கும் தூணுக்கும் இடையே ஷிம் வைத்தே இந்தத் தள்ளலைப் பெறலாம். 1 மி.மீ. தகடு பெரிதல்ல என்று நினைத்து இரண்டு மூன்றை ஒன்றாகச் செருகுபவர்கள், பின்முனை கூரையைத் தொட்ட பிறகுதான் இந்த விகிதத்தை நினைத்துப் பார்க்கிறார்கள்.

வேலை செய்யும்போது கதவின் பின்முனைக்கு அடியில், துணி சுற்றிய மரக்கட்டையை ஜாக்கியின் மேல் வைத்துத் தாங்கிக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு கீலை மட்டுமே தளர்த்த வேண்டும். அதிலும் ஒரு போல்ட்டை அரை இறுக்கத்தில் விட்டுவைக்க வேண்டும். இரண்டு கீல்களையும் ஒருசேரத் தளர்த்தினால், அதுவரை கண்டுபிடித்த நிலையெல்லாம் தொலைந்துபோகும். ஒவ்வொரு முறையும் கதவை மெல்ல மூடிப் பார்க்க வேண்டும். ஓங்கி மூடினால் உரசும் மூலை மடிந்துவிடும்.

இடைவெளி திருப்தியாக வந்தபின் ஸ்ட்ரைக்கரைத் திரும்பப் பூட்டி, கதவை ஒரு விரலால் தள்ளி மூடும்போது பின்முனை ஏறுகிறதா இறங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். ஏறினால் ஸ்ட்ரைக்கர் உயரத்தில் இருக்கிறது, இறங்கினால் தாழ்வில் இருக்கிறது. கதவு எந்தப் பக்கமும் அசையாமல் நேராக உள்ளே சென்று பூட்டிக்கொள்வதே சரியான நிலை.

கீலின் இடையில் மரக்கட்டையைச் செருகிக் கதவை அழுத்தி மூடிக் கீலை வளைக்கும் பழைய டிங்கரிங் முறை ஒன்று உண்டு. கீலில் சரிசெய்யும் வசதியே இல்லாத வண்டியில், கடைசி 1 மி.மீ.க்கு அதை ஏற்றுக்கொள்ளலாம். போல்ட்டால் நகரும் கீல் உள்ள வண்டியில் அதைச் செய்வது சோம்பல்.

அறிகுறி: கதவின் பின்விளிம்பு சீராக இருக்கிறது, முன்விளிம்பு மட்டும் மேலே அகன்றிருக்கிறது

மேலே சொன்ன முன்விளிம்பின் அடையாளமே இங்கும் தெரியும். பலர் கதவைக் கீழிறக்கியும் ஏற்றியும் நாளைக் கழிப்பது இந்தக் குழப்பத்தால்தான். பின் தூணோரம் இடைவெளி ஒரே அளவாக ஓடினால் கதவு குற்றமற்றது. மட்கார்டுதான் முன்னால் குனிந்திருக்கிறது. மட்கார்டின் முன்முனையைத் தாங்குவது ரேடியேட்டர் தாங்கி. அந்தத் தாங்கி சட்டகத்தின் மேல் இரண்டு ரப்பர்களில் நிற்கிறது. ரப்பர் நசுங்கினாலோ, அந்த இடத்தில் தாங்கியின் அடி துருப்பிடித்து இறங்கினாலோ, முன்பகுதி முழுவதும் தலையைத் தொங்கவிடும்.

தாங்கியின் கீழ் ஷிம் வைத்து உயர்த்தினால் மட்கார்டு தன் பின்-அடி போல்ட்டைச் சுற்றித் திரும்பி, மேல்விளிம்பு கதவை நோக்கி வரும். மட்கார்டின் நீளம் 1200 மி.மீ., பின்விளிம்பின் உயரம் 500 மி.மீ. என்றால், முன்னால் 3 மி.மீ. உயர்த்தும்போது மேல் இடைவெளி ஏறக்குறைய 1.25 மி.மீ. குறையும். கீழே குறுகி மேலே அகன்ற அளவு 2.5 மி.மீ. என்றால் 6 மி.மீ. ஷிம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக அகன்றோ குறுகியோ இருந்தால் ஷிம் தேவையில்லை. மட்கார்டின் போல்ட்டுகளைத் தளர்த்தி முழுமையாக முன்பின் நகர்த்தினால் போதும்.

இங்கே நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். புதிதாக வாங்கிய மாற்று மட்கார்டு ஒன்றில் பின் துளை 6 மி.மீ. தள்ளி இருந்ததால், அரத்தை எடுத்து அதை நீளத் துளையாக்கினேன். வாரம் கழித்து ரேடியேட்டர் தாங்கியின் ரப்பரை மாற்றியபோது, பழைய இடத்தில் துளை சரியாக வந்து நின்றது. நான் நீட்டிய துளைக்கு வாஷர் வெல்டிங் செய்து மூட வேண்டியதாயிற்று. மாற்றுத் தகடுகளின் துளைகள் பல நேரங்களில் பிழையாகத்தான் இருக்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆனாலும் அடியிலுள்ள எல்லாம் தன் உயரத்துக்கு வரும்வரை அரத்தை எடுக்கக்கூடாது.

அறிகுறி: கதவு பூட்டுகிறது, ஆனால் பின் கீழ்மூலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது

பெரும்பாலும் காரணம், கதவோரம் சுற்றி ஒட்டும் புதிய ரப்பர் பீடிங். கதவைப் பீடிங் இல்லாமலேயே முதலில் பொருத்தி முடிக்க வேண்டும். பிறகு பீடிங்கை ஒட்டிப் பார்த்து, நீட்டல் அப்போதுதான் தோன்றினால், கதவைத் தொடாமல் பீடிங்கைப் பார்க்க வேண்டும். கதவுக்கும் பீடிங்குக்கும் இடையே காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துக்கொண்டே சுற்றிவந்தால், எந்த இடத்தில் கெட்டியாகப் பிடிக்கிறது, எங்கே வழுக்குகிறது என்று தெரியும். கெட்டியான இடத்தில் பீடிங் தவறான தடிமனில் வந்திருக்கலாம், அல்லது பள்ளத்தில் முழுவதும் உட்காராமல் இருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் கதவைச் சில வாரங்கள் மூடியே வைத்திருந்தால் ரப்பர் பணிந்துவிடும்.

பீடிங் இல்லாமலும் நீட்டினால், மூடிய கதவை மூன்று புள்ளிகள் பிடித்திருக்கின்றன என்பதை நினைவில் கொள்ள வேண்டும்: மேற்கீல், கீழ்க்கீல், ஸ்ட்ரைக்கர். மேற்கீலைச் சற்று வெளியே கொண்டுவந்தால் கதவின் பின் கீழ்மூலை உள்ளே போகும். கீழ்க்கீலை உள்ளே தள்ளினாலும் அப்படியே. இரண்டிலும் பின் மேல்மூலை வெளியே வரும். முன்விளிம்பு மட்கார்டோடு மட்டமாக இருக்கிறதா என்று இதன் பிறகு மறுபடி பார்க்க வேண்டும். மட்கார்டு கதவைப் பின்தொடரும் தகடு என்பதால் அதை அப்புறம் நகர்த்திக்கொள்ளலாம். கதவே முறுக்கிக்கொண்டிருந்தால், மேல்மூலையில் கதவுக்கும் தூணுக்கும் இடையே மரக்கட்டையை வைத்து, கீழ்மூலையை முழங்காலால் சீராக அழுத்தி முறுக்கை எடுக்கலாம். உதைக்கக்கூடாது, அழுத்தி, விட்டு, பார்த்து, மறுபடி அழுத்த வேண்டும்.

அறிகுறி: எப்படி நகர்த்தினாலும் கதவு பொருந்தவில்லை

மேலே சரியானால் கீழே உரசுகிறது, பின்னால் சரியானால் முன்னால் திறந்துகொள்கிறது என்றால், கதவை விட்டுவிட்டுக் கதவின் வாயை அளக்க வேண்டும். முன் மேல்மூலையிலிருந்து பின் கீழ்மூலைக்கும், பின் மேல்மூலையிலிருந்து முன் கீழ்மூலைக்கும் எடுத்த அளவுகளை, எதிர்ப்பக்கக் கதவு வாயின் அளவுகளோடு ஒப்பிட்டால், 3 மி.மீ.க்கு மேற்பட்ட வேறுபாடு கதவின் குற்றமன்று என்பதைக் காட்டிவிடும்.

காரணம் இரண்டில் ஒன்று. கேபின் மவுண்ட் போல்ட்டுகளை எல்லாம் தளர்த்திவிட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு மாறினால், ஏதோ ஒரு மூலை கேபினை இழுத்து முறுக்கிக்கொண்டிருந்தது; ஒவ்வொரு மவுண்டாக 1.5 மி.மீ. ஷிம் சேர்த்தும் எடுத்தும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் குறுக்களவை எழுதிக்கொண்டும் போனால் எந்த மூலை என்று பிடிபடும். தளர்த்தியபின்னும் அளவு மாறாவிட்டால், குற்றம் வெல்டிங்கில் இருக்கிறது: துருப்பிடித்த ராக்கரையோ தரைத்தகட்டையோ வெட்டி எடுத்தபோது, கதவு வாயின் குறுக்கே தாங்கு சட்டம் கட்டப்படவில்லை, பிடிமானம் போன கேபின் தன் எடையிலேயே விரிந்தது, அல்லது குவிந்தது, அந்த நிலையிலேயே புதிய ராக்கர் பூட்டப்பட்டுவிட்டது.

சில மில்லிமீட்டர் என்றால் வாயின் குறுக்கே ஹைட்ராலிக் தள்ளியை வைத்து, இரு முனைகளிலும் அகலமான மரக்கட்டை கொடுத்து, மெல்லத் தள்ளி மீட்கலாம். தகடு திரும்பச் சுருங்கும் என்பதால் இலக்கைவிட 2, 3 மி.மீ. கூடுதலாகத் தள்ளி, விட்டு, அளக்க வேண்டும். அதைவிடப் பெரிய வேறுபாடு என்றால் ராக்கரின் ஒரு முனையை அறுத்துப் பிரித்து, கதவைத் தொங்கவிட்ட நிலையிலேயே மறுபடி பூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. வருத்தமான செய்திதான். ஆனால் இந்த நிலையில் பட்டி பூசி விளிம்பை உருவாக்குகிறவர்கள், கதவை நூறு முறை மூடியதும் அந்தப் பட்டி உடைந்து விழுவதைப் பார்ப்பார்கள். விளிம்பில் தகடு போதவில்லை என்றால், வெல்டிங் கம்பியால் புள்ளிபுள்ளியாக உலோகத்தைச் சேர்த்து, ஆறவிட்டு ஆறவிட்டு, அரைத்துச் சீராக்குவதே நிற்கும். விளிம்பில் தகடு கூடுதலாக இருந்தால் கிரைண்டரை எடுக்கும் முன் யோசிக்க வேண்டும்: கதவின் விளிம்பு வெளித்தகடு உள்தகட்டின் மேல் மடித்த மடிப்பு. தகட்டின் தடிமன் பழைய வண்டிகளில் 0.9 முதல் 1.2 மி.மீ. வரைதான், மடிப்பின் முகத்தை அரைத்துத் தள்ளினால் இரு தகடுகளும் பிரிந்துவிடும்.

அறிகுறி: பானட்டின் பின்மூலைகள் கௌலுக்கு மேல் தூக்கி நிற்கின்றன

முதலில் கீல்களுக்கு எண்ணெய் விட வேண்டும். கேலியல்ல, இறுகிப்போன கீல்தான் இந்த அறிகுறிக்கு முதல் காரணம், அதோடு பானட்டைக் கெடுப்பதும் அதுவே. பானட்டை மூடும்போது கீல் மடங்க மறுத்தால், முன்னால் அழுத்தும் கை பானட்டை நடுவில் வளைக்கிறது. உட்பக்க வலுவூட்டல் முடியும் இடத்தில் குறுக்காக ஒரு மடிப்பு விழுந்துவிடும். மூடும்போது பானட் நடுவில் வில்லாக வளைவது தெரிந்தால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும். கீல் சுருள்வில் பெரும் விசையோடு இழுபட்டிருப்பதால், அதைக் கழற்றும்போது விரல்களை விலக்கி, அதற்குரிய கருவியையே பயன்படுத்த வேண்டும்.

கீல் தாராளமாக அசைந்தும் மூலை தூக்கினால், கௌலின் மேல் ஒட்டிய ரப்பர் தடிப்பாக இருக்கிறதா என்று பார்த்து, பிறகு கீலை உடலில் பூட்டியிருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்திக் கீழே இறக்க வேண்டும். பானட்டின் உயரத்துக்கு இந்தப் போல்ட்டுகள், முன்பின் நகர்வுக்குக் கீலையும் பானட்டையும் இணைக்கும் போல்ட்டுகள் என்பது பெரும்பாலான வண்டிகளில் பொருந்தும். இறக்க இடமில்லை என்றால், கீலுக்கும் பானட்டுக்கும் இடையே முன் போல்ட்டில் மட்டும் ஒரு மெல்லிய வாஷரை வைக்கலாம்; பின்விளிம்பு சற்றுத் தாழும்.

முன்மூலை தூக்கி நின்றால் அது சிறிய விஷயம்: மூலை ரப்பர் கட்டைகளைத் திருகி இறக்கினால் போதும். பூட்டை இறுக்கி மூக்கைக் கீழே இழுக்கக்கூடாது.

அறிகுறி: பானட் ஒருபக்க மட்கார்டை ஒட்டியும் மறுபக்கம் விலகியும் நிற்கிறது

பின்னால் சமமாகவும் முன்னால் ஒருபக்கம் சாய்ந்தும் இருந்தால் பானட் திரும்பியிருக்கிறது. இடக்கீலில் பானட்டை 1 மி.மீ. முன்னால் தள்ளினால் மூக்கு வலப்பக்கம் திரும்பும். கீல்களுக்கிடையே உள்ள அகலமும் பானட்டின் நீளமும் ஏறக்குறைய சமம் என்றால் மூக்கு நகரும் அளவும் ஏறக்குறைய 1 மி.மீ.தான். முழு நீளத்திலும் ஒரே அளவாக விலகியிருந்தால் பானட்டை அப்படியே பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். இரு பக்கங்களிலும் முன்னால் போகப்போக இடைவெளி அகன்றால் பானட்டைத் தொடக்கூடாது. மட்கார்டுகள் முன்னால் விரிந்திருக்கின்றன. ரேடியேட்டர் தாங்கியோடு அவற்றை இணைக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, இரு மட்கார்டுகளையும் பட்டைக் கயிற்றால் மெல்ல இழுத்து நெருக்கி இறுக்க வேண்டும்.

இந்தச் சோதனைகளை எல்லாம் பூட்டைக் கழற்றிவைத்துக்கொண்டே செய்ய வேண்டும். பொருந்தாத பானட் பூட்டிக்கொண்டு திறக்க மறுத்தால் கிரில்லைப் பிரித்துக் கையை உள்ளே விட வேண்டிவரும். கடைசியில் பூட்டைப் பொருத்திய பிறகு, இரண்டாவது பாதுகாப்புக் கொக்கி தானாக விழுந்து மாட்டுகிறதா என்பதைப் பல முறை சோதிக்காமல் வண்டியைச் சாலையில் எடுக்கக்கூடாது.

அறிகுறி: கேபினுக்கும் பின்தொட்டிக்கும் இடையே இடைவெளி கோணலாக ஓடுகிறது

மேலே குறுகியும் கீழே அகன்றும் இருந்தால் கேபின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. பின் மவுண்டுகள் இறங்கியதே வழக்கமான காரணம். மேலே அகன்றிருந்தால், கேபினின் முன் மவுண்டுகள் இறங்கியிருக்கலாம், அல்லது தொட்டியின் முன்பக்கத்துக்கு அடியிலுள்ள கட்டைகள் தேவைக்கு மேல் உயரமாக இருக்கலாம். சட்டகத்தின் மேல்முகத்திலிருந்து ராக்கரின் முன்முனைக்கும் பின்முனைக்கும் உயரத்தை அளந்து, இரு பக்கங்களையும் ஒப்பிட்டால் கேபினா தொட்டியா என்பது தெரிந்துவிடும். மேலிருந்து பார்க்கும்போது ஒருபக்கம் அகன்று மறுபக்கம் குறுகினால், தொட்டி திரும்பி உட்கார்ந்திருக்கிறது. முன் மட்கார்டின் மடிப்புக் கோட்டிலிருந்து தொட்டியின் கடைசிவரை நூல் கட்டிப் பார்த்து, எல்லாப் போல்ட்டுகளும் தளர்ந்த நிலையில் திருப்பிவைக்க வேண்டும்.

இந்த ஓர் இடைவெளியைக் குறுக்க ஆசைப்படக்கூடாது. இங்கே 20 முதல் 30 மி.மீ. வரை இருப்பது அலட்சியத்தால் அன்று. மேடுபள்ளத்தில் சட்டகம் முறுக்கும்போது கேபினும் தொட்டியும் வெவ்வேறு பக்கம் சாய்வதற்கு விட்ட இடம் அது. 1961 முதல் 1963 வரை ஃபோர்டு தன் எஃப்-100 வண்டியில் கேபினையும் தொட்டியையும் ஒரே உடலாக இணைத்துச் செய்து பார்த்து, பிறகு தனித்தொட்டிக்கே திரும்பியது.

அறிகுறி: பின்கதவு மாட்டவில்லை, அல்லது ஆடுகிறது

தொட்டியின் இரு பக்கச் சுவர்களுக்கிடையே உள்ள அகலத்தை முன்னால், நடுவில், பின்னால், அதிலும் அடியில் ஒருமுறை, உச்சியில் ஒருமுறை அளக்க வேண்டும். சுமை ஏற்றி இறக்கிய தொட்டியில் பின்முனை உச்சியில் வெளியே சாய்ந்திருப்பது வழக்கம். பின்கதவைச் சிறிதாக்கவோ பெரிதாக்கவோ முயலாமல், தொட்டியின் தரைப் போல்ட்டுகளைத் தளர்த்தி, பின்கதவை மாட்டி, சுவர்களைப் பட்டைக் கயிற்றால் அதன் அளவுக்குக் கொண்டுவந்து, தரையின் இரு குறுக்களவுகளும் சமமானபின் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். மரத்தரை உள்ள தொட்டியில் பலகைகளைப் போடுவதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும்.

கிரில்லும் பம்பரும்

கிரில் ரேடியேட்டர் தாங்கியைப் பின்பற்றும். மேலே சொன்னவை சரியாக இருந்தால் அதில் கோளாறு வராது. பம்பர் நேரடியாகச் சட்டகத்தில் நிற்கிறது, உடலோ ரப்பரின் மேல் அசைகிறது. ஆகவே இரண்டுக்கும் இடையே 10 மி.மீ.க்குக் குறையாமல் விட வேண்டும்.

அறிகுறி: வெறும் தகடாக இருந்தபோது பொருந்தியது, வண்ணம் அடித்தபின் உரசுகிறது

பிரைமரும் வண்ணமும் மேற்பூச்சும் சேர்ந்து ஒரு விளிம்பில் 0.15 முதல் 0.25 மி.மீ. வரை ஏறும், எதிரெதிர் விளிம்புகள் இரண்டிலும் ஏறுவதால் இடைவெளியில் அரை மி.மீ. வரை போய்விடும். கனமான பிரைமரைப் பல முறை அடித்தால் அதற்கும் மேல். எனவே வெறும் தகட்டில் 5.5 மி.மீ. விட்டால்தான் முடிவில் 5 மி.மீ. கிடைக்கும்.

மற்றொரு காரணம், கழற்றி மாட்டியபோது கீல் பழைய இடத்துக்குத் திரும்பாதது. எல்லாம் பொருந்தி இறுக்கிய நிலையில், ஒவ்வொரு கீலிலும் அதன் பின்னுள்ள தூணையும் சேர்த்து 3 மி.மீ. துளைகள் இரண்டைப் போட்டுவைக்க வேண்டும். வண்ணம் அடித்தபின் கீலை மாட்டும்போது, அதே 3 மி.மீ. டிரில் பிட்டுகளை அந்தத் துளைகளில் செருகி, அவை தடையின்றி நுழையும் நிலையில் போல்ட்டுகளை இறுக்கினால், கதவு முன்பிருந்த இடத்திலேயே நிற்கும். ஷிம் தகடுகளை ஒவ்வோர் இடத்துக்கும் தனிப்பையில் இட்டு, இடது வலது என்று எழுதிவைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். மாட்டும் நேரத்தில் விளிம்புகளில் மூன்று அடுக்கு ஒட்டுநாடா ஒட்டிக்கொள்ள வேண்டும். முதல் முறை மூடும்போது ஏதேனும் உரசினால் நாடாவோடு போகும். நாடாவை எடுத்தபின், வண்டியைச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, புதிய மவுண்ட் ரப்பர்கள் படிந்ததும், கேபின் போல்ட்டுகளை மறுபடி இறுக்கி, அந்த 5 மி.மீ. டிரில் பிட்டோடு வண்டியை ஒருமுறை சுற்றி வர வேண்டும்.